கையைக் காப்பாற்ற எதை முதலில் வாங்குவது: கையுறையா, கருவியா, கிளாம்பா?

கட்டட வேலையில் யாருக்காவது கையில் அடிபட்டால் அடுத்த வாரமே கையுறைப் பெட்டி வந்து இறங்கும். ஆளுக்கொரு ஜோடி கொடுத்ததோடு பேச்சு முடிந்துவிடும். அடிபடக் காரணமான உளி தலை மலர்ந்து, ஓரம் பிளந்து அப்படியே கிடக்கும். அதைப் பிடிக்கும் கையும் அதே இடத்தில்தான் இருக்கும். கைவசம் உள்ள பணத்தை எதில் போட்டால் கை பிழைக்கும் என்று முடிவெடுக்க வேண்டிய மேஸ்திரிகளுக்காகவும் சிறு காண்டிராக்டர்களுக்காகவும் இந்த ஒப்பீட்டை எழுதுகிறோம்.

எதையும் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயம் படுவது எந்தக் கையில்? உளி வேலையில் நசுங்குவது சுத்தியல் பிடித்த கை அல்ல, உளியைப் பிடித்த கை. கட்டர் கத்தியில் அறுபடுவது பலகையை அழுத்திக்கொண்டிருக்கும் கை. ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் குத்து வாங்குவது சாமானை ஏந்தியிருக்கும் உள்ளங்கை. நெயில் கன்னில் ஆணி பாய்வதும் மரத்தை அணைத்துப் பிடித்த கையில்தான் அதிகம். கருவி வலக்கையில் என்றால் அடி இடக்கைக்கு. ஆகவே வாங்கப்போகும் எந்தப் பொருளைப் பற்றியும் கேட்க வேண்டியது இதுதான்: அந்த இன்னொரு கையை ஆபத்தான இடத்திலிருந்து இது விலக்குகிறதா, இல்லை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஓர் உறை மாட்டுகிறதா?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் எங்கள் வரிசை கிளாம்ப் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் சாதனம்), கருவி, கையுறை என்று வழக்கத்துக்கு நேர் தலைகீழாக வருகிறது.

கிளாம்பும் வைஸும்

பைப்பைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது, பலகையை முழங்காலில் சாய்த்து ரம்பம் போடுவது, சுவிட்ச் பெட்டியை உள்ளங்கையில் ஏந்தி ஸ்க்ரூ முறுக்குவது: மூன்றிலும், பொருளைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் வைஸ் செய்ய வேண்டிய வேலையை உடம்பு செய்கிறது. குறைந்த செலவில் அதிகக் கைகளைக் காப்பது பிடிமானம்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. எந்தப் பிடிமானம் என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

ஜி கிளாம்ப் மரையால் இறுகுவது. ஒருமுறை இறுக்கிவிட்டால் அதிர்வில் சுலபமாகத் தளராது. ஆனால் மாட்ட இரண்டு கையும் வேண்டும், நேரமும் பிடிக்கும். ஒரு கையால் விசையை அழுத்தி இறுக்கும் விரைவு கிளாம்பைச் சில நொடிகளில் மாட்டிவிடலாம். அதற்குப் பிடிவலு குறைவு. தண்டில் எண்ணெயோ ஈரச் சிமெண்டோ பட்டால் வழுக்கும். கிரைண்டர், வட்ட ரம்பம், பெரிய டிரில் போலப் பக்கவாட்டில் இழுத்து உதறும் கருவிகளுக்கு ஜி கிளாம்ப் அல்லது வைஸ் மட்டுமே. கத்தி, கை ரம்பம், ஸ்க்ரூ வேலைகளுக்கு விரைவு கிளாம்ப் போதும். அங்கே வேகமாக மாட்ட முடிவதே பெரிய நன்மை, ஏனென்றால் மாட்டச் சிரமமான கிளாம்பை யாரும் மாட்டுவதில்லை.

எதை வாங்கினாலும் இரண்டிரண்டாக வாங்குங்கள். ஒரே கிளாம்ப் போட்டால் அந்த இடமே அச்சாகிவிடும். கருவி இழுக்கும்போது பொருள் அதைச் சுற்றித் திரும்பும். உருண்டைப் பைப்பைத் தட்டையான வாய்க்குள் வைத்தால் உருளும். அதற்குச் செயின் வைஸ் அல்லது வி வடிவத் தாங்கு கட்டை வேண்டும். முக்காலியில் பொருத்திய செயின் வைஸ் ஒன்று இருந்தால் பிளம்பிங் வேலையில் காலால் மிதிக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

இங்கே தவறுவது பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். மூன்றாவது மாடியில் அறுக்கிறார்கள், கிளாம்ப் தரைத்தளத்து ஸ்டோரில் இருக்கிறது. இறங்கி ஏறி எடுத்துவர யாருக்கும் மனம் வராது. பத்துப் பேருக்கு இரண்டு கிளாம்ப் என்று கணக்குப் போடாமல், வெட்டும் இடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று போடுங்கள்.

உளியும் சுத்தியலும்

சுவரில் காடி எடுப்பது, பூச்சு உடைப்பது, துளை போடுவது ஆகிய வேலைகளுக்கு நான்கு வழிகள் உண்டு: வெறும் உளி, கைக்காப்பு வைத்த உளி, உளிப் பிடிப்பான், இயந்திரம்.

வெறும் உளியை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. தலைக்குக் கீழே அகன்ற ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வட்டம் வைத்த உளிக்கு விலை வித்தியாசம் சொற்பம். தப்பிய அடி அந்த வட்டத்தில் விழுந்து நிற்கும். பழைய உளிகள் நல்ல நிலையில் இருந்தால் தனியாகக் கிடைக்கும் காப்பை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். காப்பு தளர்ந்து கீழே இறங்கினால் பயனில்லை என்பதால் வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். உளியைப் பக்கவாட்டில் இருந்து பிடித்துத் தரும் நீண்ட பிடிப்பான், ஒருவர் பிடிக்க இன்னொருவர் சம்மட்டி அடிக்கும் வேலைக்கு. அந்த வேலையில் வெறுங்கையால் உளி பிடிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. அடிப்பவரின் குறி ஒரு அங்குலம் தவறினால் நசுங்குவது இன்னொருவரின் மணிக்கட்டு.

சுத்தியல் தேர்விலும் கையின் பாதுகாப்பு இருக்கிறது. சுத்தியல் முகத்தின் விட்டம் உளித் தலையின் விட்டத்தைவிடக் குறைந்தது 10 மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். ஆணிச் சுத்தியலால் உளியடிக்கக் கூடாது. அதன் முகம் ஆணிக்கென்று கடினப்படுத்தப்பட்டது; கடினமான உளித் தலையில் மோதினால் ஓரம் சில்லாகப் பெயர்ந்து கண்ணிலோ கையிலோ பாயும். உளிக்கு ஏற்றது ஓரம் சரிவாக்கிய, குட்டைப் பிடிச் சுத்தியல், ஏறக்குறைய 1 கிலோ எடையில்.

பிடி மரமா, கண்ணாடியிழையா, இரும்பா? மரப்பிடி அதிர்ச்சியை நன்றாக உள்வாங்கும், உடைந்தால் புதிது போடலாம். வெயிலில் காய்ந்து சுருங்கினால் தலை ஆடத் தொடங்கும். அதைத் தண்ணீரில் ஊறப்போடுவது பரவலான பழக்கம், ஆனால் கெட்ட பழக்கம். ஊறிய மரம் உப்பி இறுகுவதுபோல் தெரியும். உப்பும்போது இரும்புக் கண்ணுக்குள் மரநார் நசுங்கும், மறுபடி காயும்போது முன்பைவிட அதிகமாகச் சுருங்கித் தலை கழன்று பறக்கும். புதிய ஆப்பு அடிப்பதோ பிடியை மாற்றுவதோதான் வழி. கண்ணாடியிழைப் பிடிக்கு வெயில் மழைத் தொல்லை குறைவு. குறி தப்பித் தலைக்குக் கீழே அடி விழுந்தால் நார் நசுங்கும். வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், சரிசெய்ய முடியாது. தலையும் தண்டும் ஒரே துண்டான இரும்புச் சுத்தியலில் தலை கழலும் பேச்சே இல்லை, அதிர்வு மட்டும் முழங்கைவரை ஏறும். கருவிகளைத் தவறாமல் பார்வையிடும் வழக்கம் இல்லாத இடத்தில் கண்ணாடியிழையும், பார்வையிடுபவர் இருக்கும் இடத்தில் மரமும் எங்கள் தேர்வு.

உளித் தலை மலர்வது தவிர்க்க முடியாதது. அந்த மலர்ந்த ஓரம் அடுத்த அடியில் சிதறிப் பறப்பது தவிர்க்கக் கூடியது. சாணைபிடித்து ஓரத்தைச் சரிவாக்கினால் உளி மீண்டும் வேலைக்கு ஆகும். சாணை பிடிக்கும்போது நீலம் ஏறும்வரை சூடாக்காதீர்கள், பதம் இறங்கிவிடும். அமெரிக்காவின் கட்டடத் தொழில் பாதுகாப்பு விதி 1926.301 இந்தப் பேச்சைச் சில வரிகளில் முடிக்கிறது: உளி, ஆப்பு போன்ற அடிவாங்கும் கருவிகளின் தலை மலர்ந்திருக்கக் கூடாது, மரப்பிடியில் பிளவும் சிராயும் கூடாது, வாய் விரிந்து வழுக்கும் ஸ்பேனரைப் பயன்படுத்தக் கூடாது. சட்டம் எந்த நாட்டுடையதானாலும், காலை ஐந்து நிமிடச் சோதனைக்கு இதைவிட நல்ல பட்டியல் தேவையில்லை.

நான்காவது வழி இயந்திரம், அதாவது உளி மாட்டிய ரோட்டரி ஹேமர். உளியைப் பிடிக்கும் கையே இல்லாமல் போகிறது, ஆகவே நசுங்கும் காயம் போகிறது. பதிலுக்கு வருவது அதிர்வு. விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் மெல்ல வருவது. வந்தபின் முழுதாகத் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு அதிர்வு ஆணை, 8 மணி நேர வேலைநாளுக்குச் சராசரி 2.5 அலகில் நடவடிக்கை தொடங்க வேண்டும், 5 அலகைத் தாண்டவே கூடாது என்கிறது. அலகு என்பது மீட்டர் பங்கு விநாடி வர்க்கம். இயந்திரத்தோடு வரும் கையேட்டில் அதன் அதிர்வு எண் இருக்கும். எண் 10 என்றால் அரை மணி நேரத்தில் முதல் எல்லையும், 2 மணி நேரத்தில் கடைசி எல்லையும் வந்துவிடும். 15 என்றால் 13 நிமிடம், 53 நிமிடம். இங்கே எண்ணுவது விசையை அழுத்தியிருக்கும் நேரத்தை மட்டும். வாங்கும்போது இரண்டு இயந்திரங்களின் இந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் பாதியானால் அனுமதிக்கும் நேரம் நான்கு மடங்காகும். அதிர்வு தாங்கும் கையுறையை நம்பி நேரத்தை நீட்டக் கூடாது. இத்தகைய இயந்திரங்களின் குறைந்த அதிர்வெண்ணில் அவை பெரிதாக எதையும் தடுப்பதில்லை.

அங்கும் இங்கும் சில அங்குலம் உடைக்கக் காப்பு வைத்த உளி, அறை முழுக்கக் காடி எடுக்க இயந்திரமும் ஆள் மாற்றி ஆள் பிடிக்கும் முறையும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கட்டர் கத்தி

கத்திகளைப் பிளேடு எப்போது உள்ளே போகிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒன்று, தள்ளிப் பூட்டும் வகை. நாமே இழுத்தால்தான் உள்ளே போகும். இரண்டு, பொத்தானை விட்டதும் ஸ்பிரிங் உள்ளிழுக்கும் வகை. மூன்று, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும், பிளேடு பொருளைவிட்டு வெளியே வந்த நொடியில் உள்ளே போய்விடும் வகை. நான்கு, பிளேடு பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் கொக்கி வகை. விரல் உள்ளே நுழையாது.

பட்டை, நாடா, பிளாஸ்டிக் தாள், சிமெண்ட் மூட்டை திறக்க நான்காவது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. இவற்றுக்குத் திறந்த பிளேடு கொடுப்பது வீண் ஆபத்து. அட்டைப்பெட்டி, தரைவிரிப்பு போன்றவற்றுக்கு மூன்றாவது. அறுத்து முடித்த வேகத்தில் கத்தி துள்ளித் தொடையிலோ எதிர்க்கையிலோ படுவதுதான் வழக்கமான விபத்து, அந்தத் துள்ளலுக்கு முன் பிளேடு மறைந்துவிடும்.

ஜிப்சம் போர்டில்தான் சிக்கல். நீளமான கீறலுக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தே இருந்தால் கட்டைவிரல் சோரும். பிறகு யாராவது பொத்தானை டேப் சுற்றிக் கட்டிவிடுவார்கள், அத்தோடு பாதுகாப்பு போயிற்று. ஜிப்சம் தூள் ஸ்பிரிங் வழித்தடத்தில் அடைத்துப் பிளேடு பாதியில் நிற்பதும் நடக்கும். எனவே போர்டு வேலைக்கு முதல் வகைக் கத்தியையே கொடுத்து, கூடவே விரலுக்கு முன் மேடு உயர்த்திய உலோக அளவுகோலும் இரண்டு விரைவு கிளாம்பும் கொடுப்பது நல்லது. அளவுகோலைக் கிளாம்ப் பிடிக்கும்போது அங்கே கைக்கு வேலை இல்லை.

ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடில் 9 மில்லிமீட்டர் அகலம் தாள் வேலைக்கு, 18 போர்டுக்கு, 25 தடித்த காப்புப் பலகைக்கு. தேவைக்கு மேல் ஒரு துண்டு கூட வெளியே நீட்டாதீர்கள், பக்கவாட்டு அழுத்தத்தில் முறிந்து தெறிக்கும். 50 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த காப்புப் பலகைக்கு ரம்பப்பல் கத்தியே சரி. மழுங்கிய பிளேடு கூரானதைவிட ஆபத்தானது. கூடுதல் பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருப்பதால், விடுபடும்போது அத்தனை பலமும் எதிரே இருப்பதன்மேல் போகும். புது பிளேடுகளைப் பூட்டி வைத்துக் கணக்குக் கேட்டுக் கொடுத்தால் மழுங்கியதைத்தான் பயன்படுத்துவார்கள். தாராளமாக எடுக்க விடுங்கள், பழையதைப் போட மூடிய டப்பா ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

கேபிள் மேலுறை உரிக்கக் கத்தியே வேண்டாம். ஆழத்தைத் திருகி அமைக்கும் உரிப்பான் கேபிளைச் சுற்றி வெட்டும். கட்டைவிரலை நோக்கிக் கத்தி இழுக்கும் அசைவே அதில் இல்லை. உள்ளே இருக்கும் கம்பியின் காப்பு கீறப்படாமல் இருப்பது கூடுதல் லாபம்.

கிரைண்டர்

கிரைண்டரில் கேள்வி மாறுகிறது. இங்கே இன்னொரு கைக்கு உரிய இடம் பக்கப்பிடி. பக்கப்பிடியைக் கழற்றிவிட்டு ஒரு கையால் கிரைண்டரும் மறு கையால் பைப்பும் பிடிப்பவர் இரண்டு விபத்துகளுக்கு ஒரே நேரத்தில் வழிவிடுகிறார். பக்கப்பிடி இருந்தால் பொருளைப் பிடிக்கக் கை மிஞ்சாது, கிளாம்ப் தானாக வந்துவிடும். இதை ஒரு கட்டாய விதியாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கிரைண்டரே தேவையா என்பது முதல் தேர்வு. பி.வி.சி. பைப்புக்கு ராட்செட் கட்டர், செம்புக் குழாய்க்குச் சக்கரக் கட்டர், மெல்லிய கட்டுமானக் கம்பிக்குப் போல்ட் கட்டர் அல்லது ஹைட்ராலிக் கம்பி கட்டர் இருக்கின்றன. தீப்பொறியும் உதறலும் இல்லாமல் முடிகிற வேலைக்குக் கிரைண்டரை எடுப்பது பழக்கத்தால் மட்டுமே.

வாங்கத்தான் வேண்டும் என்றால் சுவிட்சைப் பாருங்கள். தள்ளிப் பூட்டும் சுவிட்ச் மலிவு. கை நழுவினாலும் இயந்திரம் சுற்றிக்கொண்டே கீழே விழும். அடிப்பிடியில் நீளமாக அமைந்த அழுத்துசுவிட்ச் கையை எடுத்ததும் மின்சாரத்தை நிறுத்தும். மின்தடைக்குப் பின் தானே ஓடத் தொடங்காத தடுப்பு, டிஸ்க் (சுழன்று வெட்டும் வட்டத் தகடு) சிக்கினால் மோட்டாரை நிறுத்தும் வசதி, சுற்றை வேகமாக நிறுத்தும் பிரேக் ஆகியவை அடுத்தடுத்த மேம்பாடுகள். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை என்றால் அழுத்துசுவிட்சும் மின்தடைத் தடுப்பும் முதலில். பிரேக் இல்லாத கிரைண்டர் விசையை விட்ட பிறகும் சில விநாடிகள் சுற்றும், அந்த நேரத்தில்தான் அதை மடியருகே இறக்குவார்கள்.

டிஸ்க் விஷயத்தில் கணக்கே பேசும். பிசினால் ஒட்டிய சாதாரண வெட்டு டிஸ்க்குகளின் உச்ச விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டர். அதனால்தான் 100 மில்லிமீட்டர் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 15,300 சுற்று என்றும், 125க்கு 12,200, 180க்கு 8,500, 230க்கு 6,600 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்றும் சிறு கிரைண்டரில் டிஸ்க்கை மூடும் காப்பான கார்டைக் கழற்றி 180 மில்லிமீட்டர் டிஸ்க் மாட்டினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 104 மீட்டரைத் தொடும். டிஸ்க்கைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஏறக்குறைய 1.7 மடங்காகும். தடுக்க கார்டும் இல்லை. ஆழமாக வெட்ட வேண்டுமென்றால் பெரிய கிரைண்டர் எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஈரத்தில் கிடந்தால் பிசின் அதற்கு முன்பே வலுவிழக்கும். வெட்டு டிஸ்க்கின் பக்கத்தால் தேய்ப்பது இன்னொரு பொதுவான தவறு, மெல்லிய டிஸ்க் பக்க அழுத்தத்துக்கு உருவானதல்ல. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதை முற்றாகத் தடை செய்யுங்கள். பல் மரத்தில் கடித்ததும் கருவி கையை மீறித் திரும்பும், எந்தப் பிடியும் அதைத் தாங்காது.

நெயில் கன்

இங்கே தேர்வு தெளிவானது, ஆதாரமும் இருக்கிறது. தொடர்தொடு விசையில் டிரிகரை அழுத்தியபடியே முனையை மரத்தில் தட்டத் தட்ட ஆணி பாயும். முழு வரிசை விசையில் முதலில் முனையை அழுத்த வேண்டும், பிறகு டிரிகர். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மறுபடி அதே வரிசையில். முதல் வகையில் ஆணி பாய்ந்த அதிர்வில் கன் துள்ளி மீண்டும் மரத்திலோ கையிலோ பட்டாலே இரண்டாவது ஆணி பாயும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நயோஷும் 2011இல் வெளியிட்ட கட்டட ஒப்பந்தக்காரர் கையேட்டின்படி, தொடர்தொடு விசையில் காய அபாயம் முழு வரிசை விசையைப்போல் இரு மடங்கு. நெயில் கன்னால் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 பேர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள் என்றும், காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும் என்றும் அதே கையேடு சொல்கிறது. வேகம் போய்விடுமே என்பதுதான் எப்போதும் வரும் மறுப்பு. அதற்கும் அதில் பதில் உண்டு: அனுபவமுள்ள தச்சர்களை வைத்துப் பார்த்ததில் தொடர்தொடு விசை ஆணியடிக்கும் நேரத்தைச் சராசரியாக 10 சதவீதம் குறைத்தது, ஆனால் அது மொத்தக் கட்டுமான நேரத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. எந்த விசை என்பதைவிட யார் கையில் கன் என்பதே வேகத்தை அதிகம் மாற்றியது.

ஆகவே முழு வரிசை விசை மட்டும் வாங்குங்கள். இருவகை விசையும் உள்ள கன் என்றால் சுவிட்சைப் பூட்டி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். மரத்தைக் கையால் பிடித்தாக வேண்டிய இடத்தில் கை முனையிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். முடிச்சு விழுந்த மரத்தில் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும் என்பதால், ஆணியின் நீளத்தைவிடத் தள்ளி வைப்பது மட்டும் போதாது. காற்று நெயில் கன்னில் அடைப்பு எடுக்குமுன் குழாயைக் கழற்றுவது எந்த வகைக்கும் பொது.

டிரில், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர்

பெரிய டிரில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் சிக்கினால் பிட் நின்றுவிடும், உடல்பகுதி சுற்றும். மணிக்கட்டு முறிவது அப்படித்தான். பிட் சிக்கினால் சுழற்சியை விடுவிக்கும் கிளட்ச் இல்லாததை வாங்கவே வேண்டாம். திடீர்ச் சுழற்சியை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் மின்னணுத் தடுப்பு உள்ள டிரில் பெரிய துளைகளுக்குக் கொடுத்த பணத்துக்குத் தகும். பக்கப்பிடி இங்கேயும் கட்டாயம்.

ஸ்பேனரில் வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள் ஒன்றே போதும் என்று நினைப்பதுதான் விரல் மூட்டு கிழிவதற்குக் காரணம். ஆறுமுனை வளைய ஸ்பேனர் நட்டின் ஆறு மூலையையும் அணைக்கும், வழுக்காது, அதற்கு அடுத்தது திறந்த வாய், கடைசியாக அட்ஜஸ்டபிள். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் இழுவிசை அசையாத தாடையின்மேல் விழும்படி மாட்டி, உடலை நோக்கி இழுங்கள். தள்ள வேண்டி வந்தால் விரலை மடக்காமல் விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள். பிடியில் பைப் செருகி நீட்டிக்கொள்வது தாடையை விரிக்கும்.

ஒற்றைக்கோடு ஸ்க்ரூவைவிட நட்சத்திர வடிவ டார்க்ஸ் ஸ்க்ரூவில் முனை வழுக்குவது வெகு குறைவு. வாங்கும் ஸ்க்ரூவையே மாற்றினால் உள்ளங்கைக் குத்து குறையும். மின்வேலைக்கு 1,000 வோல்ட் என்று பொறித்த, ஐ.இ.சி. 60900 தரக் கருவிகள் மட்டும். பிளாஸ்டிக்கில் தோய்த்த சாதாரணப் பிடி மின்காப்பு அல்ல.

கையுறை

கையுறை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செங்கல், பிளாக், தகடு, கட்டுகம்பி, உடைந்த ஓடு என்று பொருளைத் தூக்கி எடுத்துக் கையாளும் வேலையில் அதுதான் முதல் காவல். கருவியின் வேலையை அதன்மேல் சுமத்துவதுதான் பிழை.

ஐரோப்பிய ஈ.என். 388 தரத்தில் கையுறைமேல் சுத்தியல் படமும், கீழே நான்கு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும்: தேய்மானம், பழைய முறை வெட்டு, கிழிவு, குத்து, பிறகு ஐ.எஸ்.ஓ. 13997 முறை வெட்டு. வெட்டுக்குப் பார்க்க வேண்டியது நான்கு எண்களை அடுத்து வரும் எழுத்தை. பழைய முறையில் சுழலும் பிளேடு கண்ணாடியிழை, எஃகு நூல்களில் மழுங்கிப்போய் எண்ணை உயர்த்திக் காட்டிவிடும்; 2016 திருத்தத்தில் எழுத்து சேர்ந்ததற்கு அதுவே காரணம். ஏ 2 நியூட்டன் விசையைத் தாங்கும், பி 5, சி 10, டி 15, ஈ 22, எஃப் 30. செங்கல், பொது வேலைக்கு பி அல்லது சி. வெட்டிய தகடு, கண்ணாடிக்கு ஈ எழுத்தும் அதற்கு மேலும். அமெரிக்கத் தரத்தில் ஏ1 முதல் ஏ9 வரை. அங்கே ஏ4 என்பது 1,500 கிராம், ஐரோப்பிய டியோடு ஏறக்குறைய ஒத்தது. குத்து எண் ஆணி போன்ற தடித்த முனையால் சோதித்தது. கூரிய கட்டுகம்பி நுனிக்கு அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

எழுத்தை அடுத்து பி (ஆங்கில P, வெட்டுத் தரத்தின் B அல்ல) என்று இன்னொரு எழுத்து இருந்தால் மோதல் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை 5 ஜூல் ஆற்றலில் புறங்கையில் நடப்பது, விரல்களில் அல்ல. 1 கிலோ சுத்தியல் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தாலே 18 ஜூல். உளியைப் பிடித்த விரலுக்கு அந்தக் கையுறை தரக்கூடியது அவ்வளவுதான்.

தடித்த தோலா, மெல்லிய நெய்த கையுறைமேல் நைட்ரைல் பூச்சா? தடித்தது போட்டால் பிடிப்பதற்கே கூடுதல் பலம் வேண்டும், ஆணியையோ ஸ்க்ரூவையோ எடுக்க முடியாமல் கழற்றி வைத்துவிடுவார்கள். கழற்றி வைத்த கையுறைக்கு எந்தத் தரமும் இல்லை. ஆகவே வெல்டிங், சூடான பொருள், முரட்டுக் கம்பி ஆகியவற்றுக்குத் தோல். மற்றதற்கெல்லாம் மெல்லியது, அளவு பார்த்து. உள்ளங்கையைச் சுற்றி அளந்து 7 முதல் 11 வரை கலந்து வாங்குங்கள், பெட்டி முழுக்க ஒரே அளவு வேண்டாம். ஈரச் சிமெண்டின் காரம் தோல் கையுறை, துணிக் கையுறை இரண்டிலும் ஊறி உள்ளே நின்று கைத்தோலை அரிக்கும். கலவை வேலைக்கு முழுதும் தோய்த்த, நீர் புகாத நீளக் கையுறை தனியே வேண்டும்.

சுழலும் இடத்தில் கையுறை பகையாகும். நிலை டிரில், கோர் டிரில், மரை போடும் இயந்திரம் ஆகியவற்றில் நூல் ஒன்று மாட்டினாலும் விரலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். அங்கே வெறுங்கை, பொருளுக்கு வைஸ். மோதிரமும் கூடாது.

கருவி யாருடையது

கடைசியாக ஒரு தேர்வு, வாங்குவதோடு சேர்த்து முடிவெடுக்க வேண்டியது. தொழிலாளிகள் தங்கள் கருவியைத் தாங்களே கொண்டுவருவதா, குழுவின் ஸ்டோரில் இருந்து எடுப்பதா? சொந்தக் கருவியை ஆள் பேணுவார், கைக்குப் பழகியிருக்கும். ஆனால் தேய்ந்ததை மாற்றும் செலவு அவர் தலையில் விழுவதால் இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார். பொதுக் கருவியைச் சோதிக்க முடியும், ஆனால் சோதிக்கப் பெயர் சொல்லி ஓர் ஆளை வைக்காவிட்டால் யாருமே பார்க்கமாட்டார்கள். சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் சொந்தமாக இருக்கட்டும். பழையதைக் கொடுத்தால் புதியது என்ற மாற்று ஏற்பாட்டைக் குழு செய்து தரட்டும். கிரைண்டர், டிரில், நெயில் கன், உளி, பிளேடு, டிஸ்க் ஸ்டோரிலிருந்து வரட்டும், வெளியே போகும்போதும் திரும்பும்போதும் பார்வையிட்டு.

தகுதியிழந்த கருவியை ஓரமாக வைக்காதீர்கள். சிவப்பு பெயிண்ட் அடித்து மூலையில் போட்டது அவசர நாளில் மறுபடி வேலைக்கு வந்துவிடும். சுத்தியல் என்றால் பிடியை அறுத்து, கிரைண்டர் என்றால் வயரை இயந்திரத்தின் ஒட்டிலேயே வெட்டி, காலாவதியான டிஸ்க் என்றால் இரண்டாக உடைத்துப் போடுங்கள்.